கடைப்பூ

பதினெட்டு வருடம் நான் என்ன வேலை பார்த்தேன் என்பது என் வீட்டில் யாருக்கும் தெரியாது. திருட்டு வேலை எதுவும் இல்லை. பூச் செய்தேன். ஷார்ஜா தொழில்பேட்டையில், ஒரு பக்கம் டயர் கடையும் இன்னொரு பக்கம் கண்ணாடி அறுக்கும் பட்டறையும் இருக்கிற சந்தில், கல்யாண உடை தைக்கும் கூடம் ஒன்று இருக்கிறது. அதன் மாடியில் உட்கார்ந்து, மணப்பெண்கள் கொண்டையில் வைக்கவும் கையில் பிடிக்கவும் பட்டுத்துணியில் ரோஜாவும் மல்லிகையும் செய்தேன். இப்போதும் செய்கிறேன். ஊரில் யாரைக் கேட்டாலும் என்னை ஸ்டோர் கீப்பர் என்பார்கள். என் மகளின் கல்யாணப் பத்திரிகையிலும் என் பெயருக்குக் கீழே அப்படித்தான் அச்சாகியிருந்தது. அச்சுக்கு ஒப்புதல் கொடுத்தவனும் நான்தான்.

நான் அடிப்படையில் ஜாக்கெட் தைக்கிறவன். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர்க் கடைத்தெருவில், ஒரு ஜாக்கெட்டின் கை மடிப்பைப் பார்த்தே இது இன்னார் தைத்தது என்று சொல்லிவிடுவார்கள். டெய்லர் விசாவில்தான் இங்கே வந்தேன். வெள்ளை வெள்ளைக் கவுன்களுக்குக் கீழ்மடிப்பு அடிப்பதும் உள்துணி வைப்பதுமாக இரண்டு வருடம் போயிற்று. பூப் பகுதியில் ஓர் ஆள் குறைந்தபோது, அங்கே இன்சார்ஜாக இருந்த பிலிப்பைன்ஸ் பெண்மணி கீழே இறங்கி வந்து எங்கள் எல்லோருடைய கைகளையும் வரிசையாகப் பார்த்தார். என் கையை மட்டும் கைரேகை பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பாய், யுவர் பிங்கர் ஸ்மால். யூ கம்” என்றார். இங்கே ஆண்கள் எல்லோருமே பாய்தான். விரல் சின்னதாக இருக்கிறது என்பதற்காக ஒருவனுக்கு டூட்டி மாறியது எங்கள் கூடத்தில் அதுதான் முதல் தடவை. மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் வாரம் நான் செய்த ரோஜா முட்டைக்கோஸ் மாதிரி இருந்தது. இன்சார்ஜ் அம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சாலட் செய்யலாம் என்றார். என் தையலைப் பார்த்து அதுவரை யாரும் சிரித்ததில்லை. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்கூடக் கீழே போகாமல் இதழ் வெட்டினேன். இரண்டே மாதத்தில் அந்த அம்மா என் பூவை எடுத்து மற்றவர்களிடம் காட்டி, “லைக் திஸ்” என்று சொல்ல ஆரம்பித்தார். ஆள் கறார். வாயிலிருந்து அதற்குமேல் ஒரு பாராட்டு வாங்கிவிட முடியாது.

இந்த வேலையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டுத்துணியை ஜெலட்டின் கரைத்த தண்ணீரில் முக்கிக் காயப்போட வேண்டும். அப்போதுதான் துணி விறைப்பாக நிற்கும், வெட்டினால் நூல் பிரியாது. இதழை நேர் இழையில் வெட்டக் கூடாது. ஜாக்கெட்டுக்குக் கிராஸ் பீஸ் வெட்டுகிற மாதிரி சாய்த்து வெட்ட வேண்டும். கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு ஒன்று இருக்கிறது. அதற்குக் கோலி என்று எங்களுக்குள் பேர். அதை அடுப்பில் சூடேற்றி, இதழை ரப்பர் மெத்தைமேல் வைத்து அழுத்தினால் இதழ் குழிந்துகொடுக்கும். சூடு கொஞ்சம் கூடினால் பட்டு பழுப்பாகிவிடும், குறைந்தால் அரைமணி நேரத்தில் குழி மறைந்துவிடும். சூடு சரியா என்று பார்க்க ஒரே வழிதான், விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பது. என் வலது கையின் இரண்டு விரல் நுனிகளில் ரேகையே கிடையாது. எமிரேட்ஸ் ஐடி புதுப்பிக்கப் போனால் மெஷின் என்னை ஆளாகவே ஏற்றுக்கொள்ளாமல் மறுபடி வை, மறுபடி வை என்று படுத்தும்.

அரபிப் பெண்கள் கையில் பிடிக்கும் பூச்செண்டுக்கு இங்கே மஸ்கா என்று பேர். நம் ஊரில் மஸ்கா அடிப்பது வேறு. எனக்கு அந்த மஸ்கா வராது, இந்த மஸ்கா நன்றாக வரும். வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருகிற நிஜப் பூ, ஏசி மண்டபத்திலிருந்து கார் வரைக்கும் போவதற்குள் தலையைத் தொங்கப் போட்டுவிடும். என் பூ தொங்காது. எங்கள் முதலாளி மேடம் ஒரு லெபனான்காரி. எல்லாவற்றையும் யல்லா, ஹலாஸ், அதாவது சீக்கிரம், முடிந்தது என்ற இரண்டு வார்த்தைகளில் முடித்துக்கொள்கிறவர். அவரே என் பூவை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் முட்டாள்தனத்துக்குத் தானே சிரித்த நாள் உண்டு. எனக்குத் தலைக்கனம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். பெரிய பெரிய மால்களில் பிளாஸ்டிக் பூவைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

அப்படியானால் வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். சொன்னேன். ஒரே ஒரு தடவை சொன்னேன்.

டூட்டி மாறிய முதல் வெள்ளிக்கிழமை. அப்போது கார்டு போட்டுப் பேசுகிற காலம், லீவும் வெள்ளிதான். ரோலா கடைத்தெரு போன் பூத்தில் அறை நண்பர்களோடு வரிசையில் நின்று வீட்டுக்குப் பேசினேன். அன்று என் மைத்துனன் எங்கள் வீட்டில் இருந்தான். மனைவியின் தம்பி. நல்லவன்; ஆனால் நாலு பேர் சிரிக்கிற மாதிரி ஒரு வார்த்தை கிடைத்தால் பெற்ற தாயையும் விட மாட்டான். அவனுடைய செல்ஃபோனில்தான் பேசினோம், ஸ்பீக்கரில் போட்டிருந்தான். டூட்டி மாறியதை மனைவியிடம் சொன்னதுமே அவன் குறுக்கே வந்தான்.

“என்ன மச்சான், டூட்டி மாத்திட்டாய்ங்களாமே?”

“ஆமா மாப்ள. பூச் செய்யுற வேலை. பட்டுத்துணியில.”

உடனே சொன்னான்:

“மச்சான், காதுல பூ சுத்துவாய்ங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். அதுக்குன்னு கம்பெனி வச்சு, விசா அடிச்சு, ஏரோப்பிளான்ல ஏத்தியா சுத்துறாய்ங்க?”

வீடே சிரித்தது. என் மனைவி சிரித்தாள். ஏழு வயது மகள், எல்லோரும் சிரிக்கிறார்களே என்று தானும் சேர்ந்து கீச்சென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு மட்டும் தனியாக எனக்குக் கேட்டது. யோசித்துப் பார்த்தால் நல்ல நக்கல்தான். வேறு யாரையாவது சொல்லியிருந்தால் நானும் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஆனால் எனக்கு முணுக்கென்று கோபம் வந்தது. முட்டைக்கோஸ் செய்த வாரம் வேறு. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சீக்கிரம் முடி என்று முதுகில் தட்டினார்கள்.

“சும்மா சொன்னேன் மாப்ள. ஸ்டோர்ல போட்டிருக்காங்க. ஸ்டோர் கீப்பர்.”

“அப்படிச் சொல்லுங்க!” என்றான், நிம்மதியாக.

உண்மையைச் சொன்னேன், காதில் பூச் சுற்றுகிற வேலை என்று சிரித்தார்கள். பூச் சுற்றினேன், உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள். நான் என்ன செய்ய? அன்றைக்கு இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை போன் போட்டு, “இல்ல மாப்ள, நெசமாத்தான்” என்று சொல்லியிருக்கலாம். அதற்கடுத்த வெள்ளியும் வந்தது. சொல்லச் சொல்லக் கூச்சம் குறையும் என்பார்கள். சொல்லாமல் இருக்க இருக்க அது வளர்ந்துகொண்டே போனது.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் சொல்லணும் என்பது சரியான கணக்கு இல்லை. ஒன்பதெல்லாம் முதல் லீவிலேயே தீர்ந்துவிட்டது. விரல் சுட்டிருப்பது ஏன்? டீ போட்டபோது. நகக்கண்ணில் சிவப்பு ஏன்? பெயிண்ட் டப்பா உடைந்தது. ஸ்டோரில் எத்தனை பேர், மேலதிகாரி எந்த ஊர், ஏசி உண்டா? எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். இல்லாத அந்த ஸ்டோரை நான் அலமாரி அலமாரியாகக் கட்டி நிறுத்தியிருந்தேன். என் மகள் ஐந்தாம் வகுப்பில் ‘என் அப்பா’ என்று கட்டுரை எழுதி, அதில் என் அப்பா பெரிய கிடங்கின் சாவியை வைத்திருக்கிறார் என்று எழுதினாள். டீச்சர் நன்று என்று போட்டிருந்தார்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நாற்பத்தைந்து நாள் லீவு. ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு பெண் வாசலில் நிற்பாள். “வாங்கப்பா” என்பாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். வாங்கிப்போன சாமானைக் கொடுத்தால், “தேங்ஸ்ப்பா” என்பாள். அடம்பிடிக்க மாட்டாள், கோபித்துக்கொள்ள மாட்டாள், என்னிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். எல்லாம் மாமாவிடம்தான். மாமாவின் பைக்கில் ஏறிக்கொண்டு, அவன் முதுகில் குத்தி, “போ மாமா, நீ பொய் சொல்ற” என்று சண்டை போடுவாள். நான் திண்டில் சாய்ந்துகொண்டு அதைக் கேட்டபடி இருப்பேன். விருந்தாளியிடம் யாரும் சண்டை போடுவதில்லை. அது எனக்குப் புரியாமல் இல்லை.

அவளுக்கு இருபத்து மூன்று வயதில் கல்யாணம் நிச்சயமானது. எனக்கு அப்போது ஒரே ஓர் ஆசை வந்து உட்கார்ந்துகொண்டது. நகையும் சேலையும் எவனும் வாங்கலாம். எந்தெந்த ஊர்க்காரிகள் தலைக்கெல்லாமோ என் விரலைச் சுட்டுக்கொண்டு பூச் செய்திருக்கிறேன். என் மகளின் தலையில் ஒரு நாள், ஒரே ஒரு சாயங்காலம், என் கை செய்த பூ இருக்க வேண்டும். தாலி கட்டும்போது வேண்டாம், அதற்கு மல்லிகைதான் முறை. ரிசப்ஷனுக்குப் போதும்.

ரிசப்ஷன் சேலை மாதுளை நிறம். போன் படத்தை நம்பி நிறம் பார்க்கிறவன் தையல்காரன் இல்லை. லீவு முடிந்து திரும்பும் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் ஜாக்கெட் பிட்டில் ஒரு துண்டு கொடுத்துவிடச் சொன்னேன்.

“எதுக்குப்பா?” என்று கேட்டாள் மகள்.

“இங்க கடையில தலைக்கு வைக்கிற பட்டுப்பூ விக்கிறாங்க தாயி. மேட்சிங் பாத்து வாங்கத்தான்.”

அந்த வாக்கியம் எத்தனை சுலபமாக வந்தது!

துண்டு வந்த பிறகுதான் தெரிந்தது, அது ஒற்றை நிறம் இல்லை. பாவு நூல் சிவப்பு, குறுக்கே ஓடும் ஊடை நூல் ஆரஞ்சு; திருப்பினால் வேறு நிறம் காட்டுகிற துணி. ஒரே சாயத்தில் முக்கினால் வராது. இதழின் உள்பக்கத்துக்கு ஒரு சாயம், வெளிவிளிம்புக்கு ஒரு சாயம் என்று தூரிகையால் தீட்டிக் காயவைத்தேன். இன்சார்ஜ் அம்மாவிடம் அனுமதி கேட்டு, ஆறு ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்குப் போனேன். மூன்று ரோஜா. அவற்றைச் சுற்றிப் பிறை வடிவத்தில் மல்லிகை மொட்டு. மொட்டு ஒவ்வொன்றையும் மெல்லிய பட்டில் ஈர விரலால் உருட்டி, காம்பில் பொட்டு வைக்கிற மாதிரி ஒரு துளிப் பச்சை தொட்டேன். மதுரைப் பக்கத்து மொட்டில் அந்தப் பச்சை இருக்கும். சாதாரணமாக நாங்கள் செய்கிற பூவுக்கு அடிப்பக்கத்தில் பசைதான். இதற்குத் தைத்தேன், ஒவ்வொரு காம்பாக. தலையில் வைத்தால் யார் கண்ணுக்கும் படாத இடம். அப்படித் தைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்போல் இருந்தது.

நாலாவது ஞாயிறு இன்சார்ஜ் அம்மா தானே வந்து என் எதிரில் உட்கார்ந்தார். சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த உடுப்பு. யாருக்கு என்று கேட்டார். மகளுக்கு என்றேன். நாற்பது ஐம்பது மொட்டு உருட்டிக் கொடுத்தார். எழுந்து போகும்போது, “யூ டெல் ஹெர், டாடி மேக். ஓகே?” என்றார். நான் தலையாட்டினேன்.

சொல்லத்தான் நினைத்தேன். ஊருக்குப் போய், பெட்டியைக் கையில் கொடுத்து, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று உண்மையிலேயே நினைத்தேன். ஆனால் புறப்படும் வாரத்தில் புத்தி வேறு மாதிரி வேலை செய்தது. கடையில் வாங்கினேன் என்று சொல்லியாயிற்று. கடைப் பை இல்லாமல் எப்படி? கல்யாண வீடு, சம்பந்தி வீட்டார் வேறு இருப்பார்கள், மைத்துனன் வாய் சும்மா இருக்காது. ரோலாவுக்குப் போனேன். எல்லாச் சாமானும் மலிவாகக் கிடைக்கிற கடை ஒன்றில், ஜிகினா ஒட்டிய கொண்டைவலை ஒன்றை அதன் அட்டைப்பெட்டிக்காகவே வாங்கினேன். வலையை அறையிலேயே போட்டுவிட்டு, பெட்டியில் என் பூவை வைத்தேன். அளவெடுத்தது மாதிரி உட்கார்ந்தது. பெட்டியின் அடியில் மேட் இன் சைனா என்று போட்டிருந்தது. பார்த்தேன். நல்லதுதான், சந்தேகமே வராது என்று நினைத்தேன். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். மண்ணைப் பெட்டியில் போட்டுப் பைக்குள் வைத்து விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ரிசப்ஷன் அன்று நாலு மணி. மண்டபத்தின் அலங்கார அறையில் மகளை நாற்காலியில் உட்காரவைத்து மதுரையிலிருந்து வந்த மேக்கப் பெண் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். என் மனைவி நகைப்பையை அணைத்தபடி நின்றாள். நான் பெட்டியை நீட்டினேன். மேக்கப் பெண் திறந்தாள். பூவை வெளியே எடுத்ததும் அவள் கை நின்றுவிட்டது. தொழில் தெரிந்தவள், முன்பக்கம் பார்க்கவில்லை, உடனே திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.

“சார், எங்க சார் வாங்குனீங்க? காம்பெல்லாம் தச்சிருக்காங்க! பசையே வைக்கல!”

யாருமே பார்க்க மாட்டார்கள் என்று நினைத்த இடத்தை ஒருத்தி பார்த்துவிட்டாள்.

“ஷார்ஜாவுல. ரோலான்னு ஒரு எடம்.”

அவள் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பினாள். “சைனான்னு போட்டிருக்கு. சைனாக்காரன் என்னமா பண்றான் பாருங்கக்கா!” என்று என் மனைவியிடம் காட்டினாள். எனக்கு வரவேண்டிய பெயர் நேராகச் சீனாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த நேரம் பார்த்து மைத்துனன் உள்ளே வந்தான். கையில் வாழையிலையில் சுற்றி ஈரத்துணி போட்ட பொதி. விடியற்காலையிலேயே மதுரைப் பூ மார்க்கெட்டுக்குப் பைக்கில் போய், அன்று பூ வரத்து இல்லாமல் நாலு வியாபாரிகளிடம் கெஞ்சி மல்லிகை வாங்கி, ஊரில் கொடுத்துக் கட்டவைத்துக் கொண்டுவந்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பொதியைப் பிரித்ததும் அறை முழுக்க வாசனை. அப்படிப்பட்ட பூவுக்கு முன்னால் என் பூவுக்கு வாசனை இல்லை என்பதை நான் மறுக்க மாட்டேன்.

மேக்கப் பெண் கேட்டாள், “எதும்மா வைக்கட்டும்? கொண்டைக்கு ரெண்டையும் சேத்து வைக்க முடியாது.”

மகள் கண்ணாடி வழியாக மாமாவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“அப்பா, மாமா விடியக்காலையிலயே போய் அலைஞ்சு வாங்கிட்டு வந்திருக்காங்க. வைக்கலைன்னா மனசு கஷ்டப்படுவாங்க. இது கடைப்பூதானேப்பா, வாடாதுல்ல, இன்னொரு நாள் வச்சுக்கிறேன்.” கொஞ்சம் தயங்கினாள். “இல்ல, இதுதான் வச்சே ஆகணுமாப்பா? சொல்லுங்க, வச்சுக்கிறேன்.”

அவள் கேட்டது நியாயம். ஒருவன் வேர்வை சிந்திக் கொண்டுவந்த பூ, இன்னொருவன் கடையில் காசு கொடுத்து வாங்கிய பூ. என் மகள் உழைப்பைத் தேர்ந்தெடுக்கிற பெண். அப்படிப்பட்ட பெண்ணிடம்தான் என் உழைப்பை ஒளித்து வைத்திருந்தேன். ஆமாம் தாயி, நான் செய்தது என்று வாய்வரை வந்தது. மைத்துனன் பக்கத்திலேயே துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். இவ்வளவு வருடம் கட்டிய ஸ்டோர், அலமாரி, சாவி எல்லாம் அந்த அறையில் இத்தனை பேர் முன்னால் சரிவதை நினைத்துப் பார்த்தேன். பத்திரிகை அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்தாகிவிட்டது.

“சேச்சே, அதெல்லாம் இல்ல தாயி. சும்மா கண்ணுல பட்டுச்சு, வாங்குனேன். ஒன் இஷ்டம்.”

“தேங்ஸ்ப்பா” என்றாள்.

மேடையில் அவள் தலை நிறைய மல்லிகை. அழகாகத்தான் இருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நான் வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்றுக்கொண்டிருந்தேன். பெட்டி மறுநாள் அவளுடைய சூட்கேசில் புகுந்த வீட்டுக்குப் போனது.

திரும்பி வந்ததும் இன்சார்ஜ் அம்மா கேட்டார், வைத்தாளா என்று. வைத்தாள் என்றேன். போட்டோ கேட்டார். இன்னும் ஆல்பம் வரவில்லை என்றேன். அந்த அம்மாவிடம் சொன்ன முதல் பொய் அதுதான். அவர் இரண்டு மாதம் கழித்து மறுபடி கேட்டார். அப்புறம் கேட்கவில்லை. ஆல்பம் வரவில்லை என்று ஒருவன் எத்தனை நாள் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாத பெண்ணா அவர்?

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் மகளின் நாத்தனாருக்குக் கல்யாணம். எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது போட்டோக்கள் வந்தன. மூன்றாவது போட்டோ, நாத்தனார் பின்பக்கம் திரும்பி நிற்கிற மாதிரி எடுத்தது. அவள் கொண்டையில் என் பூ. நடு ரோஜாவின் இரண்டாவது அடுக்கில் ஓர் இதழ் அரை நூல் அளவு இறங்கியிருக்கும். எனக்கு மட்டும் தெரிகிற குறை. பெரிதாக்கிப் பார்த்தேன். இருந்தது. பூ இரண்டு வருடத்தில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. அந்தப் பெண்ணின் சேலை நீலம். நிறம் கொஞ்சமும் சேரவில்லை. சோப்புக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மகளே வீடியோவில் வந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். முகம் பூரித்திருந்தது.

“அப்பா, போட்டோ பாத்தீங்களா? மண்டபத்துல அத்தனை பேரும் அந்தப் பூவைத்தான் கேட்டாங்க. அந்தக் கடை இன்னும் இருக்காப்பா? வளைகாப்புக்கு எனக்கு ஒண்ணு வாங்கி அனுப்புறீங்களா?”

“பாக்குறேன் தாயி.”

“நான் நேத்துதான்ப்பா அதை நல்லாப் பாத்தேன். ஒவ்வொரு மொட்டுக்கும் அடியில ஒரு சொட்டுப் பச்சை வச்சிருக்காங்க. யாரோ பாவம், உக்காந்து எவ்வளவு பொறுமையா செஞ்சிருக்காங்க!”

அந்த யாரோ என்ற சொல்லை என்னால் தாங்க முடியவில்லை.

“நான்தான் தாயி.”

“என்னப்பா நீங்கதான்?”

“நான்தான் செஞ்சேன். எனக்கு அதுதான் வேலை. ஸ்டோரெல்லாம் கெடையாது.”

சிரிப்பாள் என்று உடம்பை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். நான் வலது கையை நீட்டி, ரேகை இல்லாத இரண்டு விரலைக் கேமராவுக்கு நேராகக் காட்டினேன். அவள் அப்படியே நம்பினாள். இத்தனை வருடம் நான் எதற்குப் பயந்தேனோ, அது அங்கே இல்லவே இல்லை.

“அப்ப அந்தப் பெட்டி? சைனான்னு போட்டிருந்துச்சே?”

“காலிப் பெட்டி. ரோலாவுல வாங்குனது.”

“வேணும்னேயாப்பா?”

“ஆமா.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“பூவை அவளுக்கே குடுத்துட்டேன்ப்பா. நேத்து ராத்திரி கழட்டித் திருப்பித் தந்தா. நீயே வச்சுக்கன்னு சொல்லிட்டேன். கடைப்பூதானேன்னு.”

“பரவால்ல தாயி. வளைகாப்புக்கு வேற செஞ்சு அனுப்புறேன். இதைவிட நல்லா.”

“நான் கேட்டேன்ல?” திடீரென்று அவள் குரல் உயர்ந்தது. என்னிடம் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. “எல்லாரும் நிக்கிறப்ப ஒங்களைத்தானே பாத்துக் கேட்டேன், வச்சே ஆகணுமாப்பான்னு? மாமா கோவிச்சாலும் பரவால்லன்னுதானே கேட்டேன்? ஆமான்னு ஒரு வார்த்தை ஒங்க வாயில வரலயாப்பா?”

“வரல தாயி” என்றேன்.

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கல்யாணம் முடிந்து காரில் ஏறும்போதுகூட அழாத பெண். ஃபோனை எங்கோ சாய்த்து வைத்திருந்தாள் போலிருக்கிறது, அது சரிந்து கூரையைக் காட்டியது. அழுகை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.